ஆண் குழந்தைக்குப் பெயர் வைப்பது: எதை முதலில், எதை அப்புறம்

குழந்தை பிறந்ததும் பெயர் தேடல் பெரும்பாலான வீடுகளில் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஜோதிடர் நாலு எழுத்து கொடுப்பார். அதை வைத்துக் கைப்பேசியில் தேடுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஏகப்பட்ட பெயர் வந்து விழும். தாத்தா ஒன்று சொல்வார், அத்தை இன்னொன்று சொல்வாள். தொட்டில் போடும் நாளுக்கு முந்தின இரவு யாராவது களைத்துப்போய் "சரி, இதையே வச்சிடுங்க" என்பார்கள். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதையே யாரும் யோசிக்கவில்லை என்பது பதிவு அலுவலகத்தில் நிற்கும்போதுதான் தெரியவரும்.

சொந்தத்திலும் நட்பிலும் பல வீடுகளில் இந்த வேலையில் கூட இருந்து பார்த்திருக்கிறேன். பெயருக்குப் பஞ்சமே கிடையாது. வரிசை மாறிப்போவதுதான் சிக்கல். காகிதத்தில் பெயர் எப்படி நிற்கும், வீட்டில் யார் சொல்லுக்கு எவ்வளவு இடம், நட்சத்திர எழுத்து உண்டா இல்லையா என்ற மூன்றையும் முடித்துவிட்டுப் பெயரைத் தேடினால் வேலை பாதியாகக் குறையும். கீழே உள்ளது தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகளை மனதில் வைத்து எழுதியது.

1. பிரசவத்துக்கு முன்பே பெற்றோர் பெயர்களைச் சரிசெய்யுங்கள்

மகன் பெயரைப் பேசுவதற்கு முன் அப்பா, அம்மா பெயர்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் மூன்று பெயரும் சேர்ந்தே வரும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிக்மி எண்ணுக்கான பதிவிலும் மருத்துவமனைப் பதிவேட்டிலும் என்ன எழுத்து இருக்கிறதோ, அதுதான் வழக்கமாகச் சான்றிதழ்வரை போகும்.

ஆதாரில் "செந்தில் குமார்" என்று இரண்டு சொல்லாகவும் மருத்துவமனையில் "செந்தில்குமார்" என்று ஒரே சொல்லாகவும் இருந்தால் இன்றைக்கு யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த அப்பா பெயர்தான் நாளை பையனின் தலைப்பெழுத்து, கடவுச்சீட்டில் அவனுடைய இறுதிப் பெயர். அப்போது கேட்பார்கள்.

அதனால் பிரசவத்துக்கு எடுத்துவைக்கும் பையில் ஒரு தாளையும் வையுங்கள். இருவர் பெயரும் ஆதாரில் உள்ளபடியே, தமிழிலும் ஆங்கிலத்திலும், பெரிய எழுத்தில் இருக்கட்டும். படிவம் நிரப்புபவரிடம் வாயால் சொல்லாமல் அந்தத் தாளைக் கொடுங்கள். பிரசவ நேரப் பரபரப்பில் சித்தப்பாவோ மாமாவோ காதில் விழுந்தபடி சொல்லி எழுதிய பெயர்கள்தான் பின்னால் அதிகம் அலைக்கழிக்கின்றன.

மருத்துவமனையிலேயே குழந்தையின் பெயரைக் கேட்டால், முடிவாகாத பட்சத்தில் அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் கட்டாயம். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பதிவான தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்துடன் வழி உண்டு. 21 நாளைப் பெயருக்கான கெடு என்று நினைத்துக்கொண்டு ஏதோ ஒரு பெயரை எழுதிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

2. தலைப்பெழுத்தா, இறுதிப் பெயரா?

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான். உள்ளூரில் அது போதும். கடவுச்சீட்டு அலுவலகம் தலைப்பெழுத்தை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். அங்கே பெயருக்கு ஒரு கட்டம், இறுதிப் பெயருக்கு ஒரு கட்டம். பெரும்பாலோர் இரண்டாவதில் அப்பா பெயரைப் போடுகிறார்கள்.

இறுதிப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் வெளிநாட்டில் தொல்லை. அமெரிக்க விசாவில் பையனின் பெயர் இறுதிப் பெயராகிவிடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "முதற்பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கமாக மூன்று எழுத்து வந்து உட்காரும். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு வருகை விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது.

இதை ஏன் இப்போதே பேச வேண்டும்? பையன் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் நீளம் தெரியும். அப்பா பெயர் "பாலசுப்பிரமணியன்" என்றால் மகனுக்குச் "செந்தமிழ்ச்செல்வன்" என்று வைக்கும் முன் ஒரு விண்ணப்பப் படிவத்தின் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். நீளமான அப்பா பெயருக்குக் குட்டியான மகன் பெயர் நன்றாகப் பொருந்தும்.

தலைப்பெழுத்தைத் தமிழிலும் சேர்த்து எழுதிப் பாருங்கள். அப்பா குமார், மகன் ரங்கநாதன். ஆங்கிலத் தலைப்பெழுத்தோடு ஒன்றும் தெரியாது. தமிழில் "கு. ரங்கநாதன்" என்று எழுதி, வருகைப்பதிவேட்டைப் படிக்கிற வேகத்தில் ஒருமுறை வாசியுங்கள். வகுப்பில் பக்கத்து பெஞ்சு அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகாது. அம்மா பெயரின் எழுத்தையும் சேர்த்துப் போடுவதாக இருந்தால் இரண்டு எழுத்தோடும் சேர்த்து வாசியுங்கள்.

3. வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் பேசுங்கள்

பட்டியல் போட்டபிறகு பெரியவர்களிடம் போனால், எந்தப் பெயரைச் சொன்னாலும் "எங்க அப்பா பேரை வைக்கலையா?" என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும். அதனால் பெயர் எதையும் சொல்லாமல் முதலில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் உண்டா? குலதெய்வத்தின் பெயர் கட்டாயமா? யாராவது ஏதாவது கோயிலில் நேர்ந்துகொண்டார்களா?

இந்த மூன்றாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். திருச்செந்தூரில் வேண்டிக்கொண்டவர் "செந்தில்" என்று எதிர்பார்ப்பார். வேளாங்கண்ணியில் வேண்டிய பாட்டிக்கு "ஆரோக்கியம்" எங்காவது இருக்க வேண்டும். நாகூரில் நேர்ந்துகொண்ட வீட்டில் "நாகூர்" என்றே பெயர் தொடங்கும். பிரசவத்துக்குப் பிறகு இது தெரியவந்தால் நேர்ந்துகொண்டவரின் மனசு கஷ்டப்படும். முன்பே தெரிந்தால் இடம் கொடுக்கலாம்.

தாத்தா பெயர் அப்படியே வேண்டுமென்றால் இரண்டு விஷயம் பாருங்கள். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளுக்கு ஏற்கெனவே அதே பெயர் இருக்கிறதா? ஒரே தாத்தா பெயரில் ஒரே வீட்டில் மூன்று பேரன்கள் இருப்பது நம்மிடம் சாதாரணம். அடுத்தது, மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று நினைக்கும் மருமகள்கள் இன்றும் இருக்கிறார்கள். பையனுக்கு அந்தப் பெயரையே வைத்தால் பெற்ற தாயே அவனை "தம்பி", "ராஜா" என்றுதான் கூப்பிடுவாள். அது பரவாயில்லை என்றால் சரி.

நடுவழி ஒன்று எப்போதும் இருக்கும். முத்துசாமித் தாத்தாவுக்காக "முத்தழகன்", "முத்துக்குமரன்". வேலுச்சாமிக்காக "வேலன்", "கதிர்வேல்". தாத்தா சுப்பிரமணி என்றால் முருகனின் வேறு பெயராகக் "குமரன்" வைக்கலாம். இப்படி எடுத்துச் சொன்னால் பெரும்பாலான தாத்தாக்கள் சந்தோஷமாகவே ஒத்துக்கொள்கிறார்கள். எங்கள் உறவில் ஒரு பெரியவர், தன் பெயரில் முதல் பாதி மட்டும் பேரனுக்குப் போனதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பேசி முடித்ததும் ஒரு வரம்பையும் சொல்லிவிடுங்கள்: "எல்லாரும் பெயர் சொல்லுங்க, கடைசி முடிவு நாங்க ரெண்டு பேரும் எடுக்கிறோம்." முதலிலேயே சொன்னால் இது மரியாதைக் குறைவாகப் படாது. கடைசியில் சொன்னால்தான் சண்டை.

4. நட்சத்திர எழுத்து, எண் கணிதம்: வேண்டுமா என்று முடிவெடுங்கள்

பார்க்கமாட்டோம் என்றால் அடுத்ததற்குப் போய்விடலாம். பார்ப்போம் என்றால் பட்டியலுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஆசைப்பட்டு ஒரு பெயரைத் தேர்ந்துவிட்டு எழுத்துக்காக அதை உடைப்பதைவிட மனக்கஷ்டம் வேறில்லை.

முறை இதுதான். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்து. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. மகத்துக்கு ம, மி, மு, மே. அனுஷத்துக்கு ந, நி, நு, நே. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அப்படியென்றால் ஒரு பாதம் ஏறக்குறைய ஆறு மணி நேரம். பிறந்த நேரத்தில் ஐந்து நிமிடம் முன்பின்னாக இருந்தாலும் பாத எல்லைக்குப் பக்கத்தில் இல்லாதவரை எழுத்து மாறாது. ஆனால் வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வகைப் பஞ்சாங்கமும் சில சமயம் வேறு வேறு பாதம் காட்டும். உங்கள் வீட்டில் எது வழக்கமோ அதை ஒன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஜோதிடரிடம் போனால் எட்டு எழுத்தோடு திரும்பி வருவீர்கள்.

கடக ராசிக்காரர்கள்தான் இதில் அதிகம் சிரமப்படுவார்கள். பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, ட. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. தமிழில் ட-வில் எந்தச் சொல்லும் தொடங்காது. திருவாதிரைக்கு ங-வும் அஸ்தத்துக்கு ண-வும் வரும், அவையும் அப்படித்தான். இந்த எழுத்துக்காகவே அர்த்தம் இல்லாத பெயர்களை உருவாக்கி இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம். மாற்று எழுத்து உண்டா என்று ஜோதிடரிடமே கேளுங்கள். அல்லது எழுத்துக்குப் பொருந்தும் ஒரு பெயரைச் சடங்கில் காதில் சொல்லிவிட்டு, பதிவுக்கு நீங்கள் விரும்பும் பெயரை வையுங்கள். பல வீடுகளில் அதுதான் வழக்கம்.

ர, ல எழுத்து வந்தவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். மரபுப்படி எழுதினால் "இரவி", "இலக்குவன்" என்று இ சேரும். எழுத்து ர-வா, இ-யா என்று பிறகு விவாதம் வராமல் இருக்கும்.

எண் கணிதம் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. எண்ணுக்குப் பொருந்தும் பெயரைத் தேடுங்கள்; பெயரை எண்ணுக்காக நீட்டாதீர்கள். இரண்டு ஏ, நடுவில் ஒரு எச், கடைசியில் இன்னொரு என் என்று சேர்த்த பெயரை அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு கவுண்டரிலும் எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எங்காவது ஒரு எழுத்தை ஒருவர் விட்டுவிட்டால் அந்த ஆவணம் பொருந்தாது.

5. பட்டியல் போடுங்கள், ஆனால் சின்னதாக

இப்போதுதான் பெயர் தேட வேண்டும். "ஆண் குழந்தைப் பெயர்கள்" என்று தேடினால் ஒரே பட்டியலைத்தான் எல்லாத் தளமும் திருப்பித் திருப்பிப் போடும். விக், ஷ், த் என்று முடியும் பெயர்கள் ஒரே வகுப்பில் நாலைந்து இருப்பது அதனால்தான்.

பெயர் இருக்கும் இடங்களில் தேடுங்கள். மூவேந்தர் குடிப்பெயர்களே ஒரு சுரங்கம். சோழர்க்கு வளவன், சென்னி, கிள்ளி, செம்பியன். பாண்டியர்க்கு மாறன், வழுதி, செழியன். சேரர்க்கு குட்டுவன், ஆதன், பொறையன். வள்ளல்களில் பாரி, ஓரி. புலவர்களில் கபிலன், நக்கீரன், இளங்கோ. இயற்கையில் முகிலன், கதிரவன், பரிதி, ஆதவன். குணத்தில் இனியன், அறிவன், அன்பரசன். குலதெய்வத்தின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். அய்யனார், கருப்பசாமி, சுடலை என்ற பெயர்களை நகரத்துக்கு வந்தபிறகு ஒதுக்கிவைத்தோம். "கருப்பன்" என்று பெருமையோடு மகனுக்கு வைத்திருக்கும் இளம் பெற்றோர் ஒருவரைத் தெரியும். கேட்கவே நிறைவாக இருக்கிறது.

தமிழ், எழில், மதி, அருள், சுடர் போன்றவை ஆண், பெண் இருவருக்கும் வரும். அது பிடித்திருந்தால் அப்படியே வையுங்கள். வேண்டாம் என்றால் "எழிலன்", "மதியன்" என்று ன் சேர்த்துக்கொள்ளலாம்.

கணவன் ஐந்து, மனைவி ஐந்து தனித்தனியாக எழுதுங்கள். ஒருவர் எழுதும்போது மற்றவர் பார்க்க வேண்டாம். பிறகு மாற்றிக்கொண்டு, அறவே பிடிக்காததை மட்டும் அடியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் பட்டியல். "எது பிடிக்கும்?" என்று உட்கார்ந்து பேசினால் ராத்திரி முழுக்கப் பேசலாம்.

6. பொருளைச் சரிபாருங்கள்

இணையப் பட்டியலில் பொருள் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். பாதிப் பெயருக்கு "சிவன்", மீதிக்கு "விஷ்ணு", "வெற்றியாளன்" என்று போட்டிருப்பார்கள். தமிழ்ச் சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. வடசொல் என்றால் மோனியர் வில்லியம்ஸ் அகராதியும் இணையத்தில் உண்டு. இரண்டிலும் இல்லாத பெயர் பெரும்பாலும் யாரோ கட்டிய பெயர். தெரிந்தே வைப்பதானால் உங்கள் விருப்பம்.

எழுத்தில் கவனம் வேண்டும். அரன் என்றால் சிவன். அறன் என்றால் அறம். மாறன் பாண்டியன், மாரன் மன்மதன். எந்த ர என்று சான்றிதழில் எழுதுபவருக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

7. கூப்பிட்டுப் பாருங்கள்

பெயரை எழுதுவதைவிடக் கூப்பிடுவதுதான் அதிகம். வாசலில் நின்று தெருமுனையில் விளையாடும் பையனைச் சாப்பிட அழைப்பதுபோல் சத்தமாகக் கூப்பிடுங்கள். ன் என்று முடியும் பெயர் "முகிலா", "இனியா" என்று நீண்டு அழகாகப் போகும். கதிர், செந்தில் என்றால் "கதிரு", "செந்திலு" என்று உ தானாக ஒட்டிக்கொள்ளும். கடைசியில் இரண்டு மெய் சேர்ந்து நிற்கும் பெயரைப் பாட்டி எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேளுங்கள். பாட்டி வாயில் நுழையாத பெயர் ஒரு வாரத்தில் "குட்டி" ஆகிவிடும்.

எப்படியும் சுருக்கிக் கூப்பிடுவார்கள் என்பதால் சுருக்கத்தையும் சொல்லிப் பாருங்கள். அண்ணன், அக்கா இருந்தால் இரண்டு பெயரையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள். ஒரே ஒலியில் தொடங்கினால் வாழ்நாள் முழுக்க மாற்றி மாற்றித்தான் கூப்பிடுவீர்கள்.

அப்புறம் தேர்ந்த பெயரை வெளியில் சொல்லாமல் ஒரு வாரம் வீட்டுக்குள் புழங்குங்கள். மூன்றாம் நாளே அலுத்தால் அது உங்கள் பெயர் இல்லை.

8. ஆங்கில எழுத்தை ஒரே ஒரு முறை முடிவு செய்யுங்கள்

அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தமிழில் "மாறன்" என்று தெளிவாக இருக்கிறது. ஆங்கிலத்தில் எம்-க்குப் பிறகு ஒரு ஏ மட்டும் போட்டால் "மரன்" என்றும் வாசிக்கலாம். இரண்டு ஏ போட்டால் ஒலி சரி, ஆனால் பார்ப்பவர் ஒரு ஏ-யை விட்டுவிடுவார். இரண்டுமே தப்பில்லை, ஒன்றை எடுத்தால் கடைசிவரை அதுதான்.

ழ உள்ள பெயருக்கு இசட்-எச் போடுவது நம்மூர் வழக்கம். வெளிமாநிலத்தில் அதை "எசிலன்", "எஜிலன்" என்று வாசிப்பார்கள். பையன் பெங்களூரிலோ மும்பையிலோ வளரப்போகிறான் என்றால் இதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளுங்கள். ழ-வுக்காகவே அந்தப் பெயரை வைப்பவர்களும் உண்டு, அவர்கள் பக்கம்தான் நான்.

சோதிக்க ஒரு சுலபமான வழி: ஆங்கில எழுத்தில் மட்டும் எழுதி, பெயர் தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கதிரை அவர் "காதிர்" என்றால் இன்னொருவரிடமும் கொடுத்துப் பாருங்கள். இரண்டாமவரும் அப்படியே வாசித்தால் எழுத்தை மாற்றலாமா என்று யோசியுங்கள். முடிவானதும் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் ஒரு தாளில் எழுதி, படம் எடுத்துக் கணவன் மனைவி இருவர் கைப்பேசியிலும் வையுங்கள்.

9. பதிவு செய்யுங்கள்

குழந்தை எங்கே பிறந்ததோ அந்த ஊர் அலுவலகத்தில்தான் பிறப்பு பதிவாகியிருக்கும். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பதால் பலருக்கு இது குழப்பம். வீடு கோயம்புத்தூர், பிரசவம் மதுரை என்றால் பெயரைச் சேர்க்க வேண்டியது மதுரைப் பதிவாளரிடம். பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் அடையாளச் சான்று, இன்ன பெயர் வைத்திருக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்வீட்டிலிருந்து குழந்தையோடு கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட்டால் தனியாக ஒரு பயணம் மிச்சம்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். முன்போல் பள்ளிச் சான்றிதழை வைத்துச் சமாளிக்க முடியாது. எனவே கணினியில் ஏற்றும்போது திரையைக் காட்டச் சொல்லி எழுத்தெழுத்தாகப் பாருங்கள். குழந்தை பெயர்க் கட்டத்தில் தலைப்பெழுத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதையும் முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். பெயரை மட்டும் எழுதுவதே நல்லது என்பேன். அப்பா பெயர் கீழே தனியாக வரத்தான் போகிறது.

எழுத்துப்பிழையைத் திருத்தப் பதிவாளரிடம் வழி உண்டு. பெயரையே மாற்ற நினைத்தால் அரசிதழ் அறிவிப்பு என்று அது தனி அலைச்சல்.

10. சான்றிதழ் வந்த பிறகு

அடுத்து ஆதார். ஐந்து வயதுக்குள் கைரேகை எடுக்கமாட்டார்கள். பெற்றோர் ஒருவரின் ஆதாரோடு இணைத்துக் கொடுப்பார்கள். ஆங்கிலத்தில் தட்டியதைக் கணினியே தமிழாக்கும், அதில் ற, ர-வாகும், ழ, ல-வாகும், குறில் நெடிலாகும். ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திடும் முன் தமிழ் வரியை வாசியுங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள், திருத்திக் கொடுப்பார்கள்.

தடுப்பூசி அட்டையில் அதுவரை "இன்னாரின் குழந்தை" என்று அம்மா பெயர்தான் இருக்கும். அடுத்த ஊசிக்குப் போகும்போது சான்றிதழைக் காட்டி அதிலும் பெயரை எழுதி வாங்கிவிடுங்கள்.